இடது காலுக்கு லீவு... வலது காலுக்கு டபுள் டியூட்டி!

உங்கள் வீட்டு வாசலில் ஒரு கார் நிற்கிறதா? சரி. அதன் சாவி யார் கையில் இருக்கிறது?

"அவர்தான் ஓட்டுவார்", "பையன் லீவுக்கு வந்தா எடுப்பான்", "எங்கேயாவது போகணும்னா ஆக்டிங் டிரைவரைக் கூப்பிட்டுக்குவோம்" - இதில் ஏதாவது ஒன்றுதான் உங்கள் பதிலாக இருக்கும். போன வருஷம் வரை என் பதிலும் அதேதான். 53 வயது வரை காரில் இடது பக்க சீட்டைத் தவிர வேறு எதிலும் நான் உட்கார்ந்ததே இல்லை.

இன்றைக்கு ஓட்டுகிறேன். ஆட்டோமேட்டிக் கார்! "ஆட்டோமேட்டிக்கா? அதுல என்ன இருக்கு... பொம்மை கார் மாதிரி, கண்ணை மூடிக்கிட்டு ஓட்டலாமே" என்று யாராவது சொன்னால், முன்பெல்லாம் நானும் சேர்ந்து சிரிப்பேன். இப்போது சிரிப்பு வருவதில்லை. ஏன் என்று சொல்கிறேன், கேளுங்கள்.

"பிரேக்கைத்தான் மிதிச்சேன்!"

என் கணவருக்கு 18 வருஷமாகச் சர்க்கரை. கூடவே இடது முழங்காலில் தேய்மானம். டவுன் டிராஃபிக்கில் கிளட்ச்சை மிதித்து மிதித்து, வீட்டுக்கு வந்ததும் தைலமும் கையுமாக உட்கார்ந்துவிடுவார். "கிளட்ச் இல்லாத வண்டி வாங்கிடுவோம்" என்று பழைய காரைக் கொடுத்துவிட்டு ஆட்டோமேட்டிக் வாங்கினோம். முழங்கால் வலி பாதி குறைந்தது. வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம்.

ஒருநாள் சாயங்காலம். அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் எங்கள் இடத்தில் வண்டியை நிறுத்திக்கொண்டிருந்தார். இன்னும் நாலடி நகர்ந்தால் போதும். திடீரென்று கார் 'உர்ர்ர்' என்று உறுமிக்கொண்டு பாய்ந்தது. எதிரே தூண். டமார்! பானெட் மடங்கி, ரேடியேட்டர் தண்ணீர் தரையெல்லாம் ஓடியது. சீட் பெல்ட் போட்டிருந்ததால் எங்கள் இருவருக்கும் அடியில்லை. ஆனால், அந்தத் தூணைச் சுற்றித்தான் வாட்ச்மேனின் ஆறு வயதுப் பெண் தினமும் சைக்கிள் விடுவாள். அன்றைக்கு அதற்கு இரண்டு நிமிஷம் முன்னால்தான் அவளை அவள் அம்மா சாப்பிடக் கூப்பிட்டிருந்தாள்.

வண்டியை விட்டு இறங்கியதும் இவர் சொன்ன முதல் வார்த்தை, "நான் பிரேக்கைத்தான் மிதிச்சேன்!" பொய் சொல்கிற மனுஷர் இல்லை. மெக்கானிக் வந்து பார்த்தார். பிரேக்கில் ஒரு குறையும் இல்லை.

அடுத்த வாரம் சர்க்கரை டாக்டரிடம் போனபோது, இவர் வாயைத் திறக்கவில்லை. நான்தான் சொன்னேன். டாக்டர் இவரைப் படுக்க வைத்து, கண்ணை மூடச் சொல்லி, மெல்லிய நைலான் இழை ஒன்றால் பாதத்தில் அங்கங்கே தொட்டார். "தொடும்போது சொல்லுங்க சார்" என்றார். இவர் பேசாமல் படுத்திருந்தார். கொஞ்ச நேரம் கழித்து, "எப்ப டாக்டர் ஆரம்பிக்கப் போறீங்க?" என்று கேட்டார். அதற்குள் டாக்டர் ஐந்து இடத்தில் தொட்டு முடித்திருந்தார்! எனக்கு வயிற்றைக் கலக்கியது.

"உங்க வலது கால் எந்தப் பெடல் மேல இருக்குன்னு உங்களுக்கே தெரியலை சார். இனிமே நீங்க ஓட்டக் கூடாது" என்றார் டாக்டர்.

ஆட்டோவில் திரும்பினோம். வழியெல்லாம் பேச்சே இல்லை. வீட்டுப் படி ஏறும்போது சாவியை என் கையில் வைத்து, "வித்துடலாமா?" என்றார். "வேண்டாங்க... நான் கத்துக்கறேன்" என்று பட்டென்று சொன்னது நான்தானா என்று இன்றைக்கும் எனக்குச் சந்தேகம்தான்!

ஸ்கூட்டி ஓட்டுவீர்களா?

அப்படியென்றால் உங்களுக்குப் பாதி ஆட்டோமேட்டிக் கார் ஏற்கெனவே தெரியும். கியர் இல்லாத ஸ்கூட்டரில் நீங்கள் கியர் மாற்றுவதில்லை. உள்ளே இரண்டு கப்பிகளும் ஒரு பெல்ட்டும் வேகத்துக்குத் தகுந்தபடி தானே மாற்றிக்கொள்கின்றன. சில ஆட்டோமேட்டிக் கார்களிலும் கொள்கை இதேதான். அதற்கு சி.வி.டி. என்று பெயர்.

இன்னொரு வகை, டார்க் கன்வர்ட்டர். ஒரு டேபிள் ஃபேனை ஓடவிட்டு, எதிரே ஓடாத இன்னொரு ஃபேனை வையுங்கள். காற்று பட்டு அதுவும் மெதுவாகச் சுற்றும், இல்லையா? காற்றுக்குப் பதில் எண்ணெய், அவ்வளவுதான். இன்ஜின் ஒரு பக்கம் சுற்ற, நடுவில் இருக்கிற எண்ணெய் மறு பக்கத்தைச் சுற்றிவிடும். இப்படிப்பட்ட எண்ணெய் வித்தையை வைத்துத்தான் அமெரிக்காவில் 1939-ம் வருஷமே ஓல்ட்ஸ்மொபைல் காரில் முழு ஆட்டோமேட்டிக் கியரை விற்க ஆரம்பித்துவிட்டார்கள்.

நம் ஊரில் நடுத்தரக் குடும்பங்களுக்கு ஆட்டோமேட்டிக் எட்டியது 2014-க்குப் பிறகு. அந்த வருஷம் மாருதி செலேரியோவில் ஏ.எம்.டி. என்ற வகை வந்தது. அது சாதாரண கியர் பெட்டிதான். கிளட்ச்சை அமுக்குவதையும் கியர் போடுவதையும் நமக்குப் பதிலாக ஒரு கருவி செய்கிறது. விலையும் கைக்கு அடக்கம். கியர் மாறும்போது மட்டும் லேசாகத் தலையை ஆட்டிவிடும்.

எந்த வகையாக இருந்தாலும் கீழே இரண்டே பெடல்கள். வலது ஓரத்தில் ஆக்ஸிலரேட்டர், அதற்கு இடதுபுறம் பிரேக். கிளட்ச் கிடையாது. இடது காலுக்கு வேலையே இல்லை!

இங்கேதான் விஷயமே இருக்கிறது. கியர், கிளட்ச் என்று எல்லாவற்றையும் வண்டியே எடுத்துக்கொண்டுவிட்டது. மிச்சம் இருப்பது உங்கள் வலது கால் ஒன்றுதான். வண்டியைக் கிளப்புவதும் அதுதான், நிறுத்துவதும் அதுதான். கிளட்ச் வண்டியில் தப்பு செய்தால் பெரும்பாலும் 'டக்'கென்று ஆஃப் ஆகி நிற்கும். பக்கத்தில் இருப்பவர்கள் சிரிப்பார்கள், அவ்வளவுதான். இதில் காலை மாற்றி வைத்தால், வண்டி நிற்காது, பாயும்.

லீவரில் என்ன எழுதியிருக்கிறது?

'பி' என்றால் பார்க்கிங். வண்டியைப் பூட்டி நிறுத்த. 'ஆர்' பின்னால் போக. 'என்' நியூட்ரல். 'டி' முன்னால் போக. அநேகமாக இந்த வரிசையில்தான் இருக்கும். ஏ.எம்.டி. கார்கள் பலவற்றில் 'பி' இருக்காது. அதில் ஹேண்ட் பிரேக்கை முழுசாக இழுத்து, காரோடு வந்த புத்தகம் சொல்கிற கியரில் விட்டு நிறுத்த வேண்டும். ஆகவே, அந்தப் புத்தகத்தை ஒரு தடவையாவது படித்துவிடுங்கள். மிக்ஸி வாங்கினால் படிக்கிறோமே!

இரண்டு விஷயத்தை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். ஒன்று, வண்டி முழுசாக நின்ற பிறகுதான் 'டி'யிலிருந்து 'ஆர்', 'ஆர்'-லிருந்து 'டி', எதிலிருந்தும் 'பி'. உருளும்போது மாற்றினால் கியர் பெட்டிக்குக் கேடு. இரண்டு, நிறுத்தும்போது பிரேக்கில் கால் இருக்க, முதலில் ஹேண்ட் பிரேக், அப்புறம் 'பி'. 'பி'யில் வண்டியைப் பிடித்துக்கொண்டிருப்பது ஒரு சின்னப் பல் மட்டுமே. சரிவில் முழு வண்டியின் பாரத்தையும் அதன் தலையில் கட்டக் கூடாது.

மாஸ்டர் சொல்லிக்கொடுத்த முதல் வாரம்

எங்கள் ஏரியா டிரைவிங் ஸ்கூல் மாஸ்டருக்கு முப்பது வருஷ சர்வீஸ். காலை ஆறு மணிக்கு ஆளில்லாத மைதானம். சீட்டில் உட்கார்ந்ததும் சாவியை நீட்டினேன். "அதை நீங்களே வெச்சுக்குங்கம்மா, இன்னிக்கு இன்ஜினே போடப் போறதில்ல" என்றார்!

முதலில் சீட். பிரேக்கை அடி வரை அமுக்கினாலும் முழங்கால் லேசாக மடங்கியே இருக்க வேண்டும். கையை நீட்டினால் மணிக்கட்டு ஸ்டியரிங்கின் மேல் விளிம்பில் உட்கார வேண்டும். நெஞ்சுக்கும் ஸ்டியரிங் நடுவுக்கும் ஒரு சாணுக்கு மேலேயே தூரம் இருக்க வேண்டும். ஏர்பேக் விரிய 25 சென்டிமீட்டராவது இடம் வேண்டும். குள்ளமாக இருப்பவர்கள் சீட்டை உயர்த்திக்கொள்ளலாம். தலையணையைச் சொருகிக்கொண்டு வழுக்கி வழுக்கி ஓட்டாதீர்கள்.

அடுத்தது கால். வலது குதிகால் பிரேக்குக்கு நேராகத் தரையில். அங்கிருந்து பாதத்தைத் திருப்பினால் ஆக்ஸிலரேட்டர். "குதிகாலோட வீடு பிரேக்குக்குக் கீழதான். ஆக்ஸிலரேட்டருக்கு விருந்தாளியா போயிட்டு வரணும்" என்றார் மாஸ்டர். கால் எட்டாதவர்கள் குதிகாலைத் தூக்கித்தான் மாற்றியாக வேண்டும். அவர்களுக்கு இந்தப் பயிற்சி இரண்டு பங்கு தேவை. இன்ஜின் போடாமல், அவர் "பிரேக்... ஆக்ஸில்... பிரேக்... பிரேக்..." என்று மாற்றி மாற்றிச் சொல்ல, குனிந்து பார்க்காமல் நான் காலை மாற்ற... அரை மணி நேரம்! பள்ளிக்கூடத்து டிரில் மாதிரிதான். ஆனால், இந்த டிரில்தான் உயிர்.

இரண்டாம் நாள் இன்ஜின் போட்டோம். பிரேக்கை அமுக்கி 'டி' போட்டு, பிரேக்கிலிருந்து காலை மெதுவாக எடுத்தேன். ஆக்ஸிலரேட்டரைத் தொடாமலே வண்டி நகர ஆரம்பித்தது! பயந்துபோய் மறுபடி அமுக்கினேன். "பயப்படாதீங்க. ஆட்டோமேட்டிக் அப்படித்தான் ஊரும்" என்றார். மூன்று நாள் முழுக்க இந்த ஊர்தல்தான். பிரேக்கை விட்டால் போ, அமுக்கினால் நில். ஆக்ஸிலரேட்டருக்குத் தடா! கார் பார்க்கிங், கேட், சந்து, நெரிசல் - இங்கெல்லாம் இந்த ஊர்தலே போதும் என்பது அந்த மூன்று நாளில் புரிந்தது. சமதளமாக இருந்தால், ஆக்ஸிலரேட்டர் தேவையே இல்லாத இடத்தில் காலை அங்கே கொண்டுபோவானேன்?

ரிவர்ஸும் அப்படித்தான். பின்னால் பார்க்க உடம்பைத் திருப்பும்போது நமக்குத் தெரியாமலே குதிகால் இடம் மாறிவிடும். அதனால் திரும்பி உட்கார்ந்த பிறகு ஒருமுறை பிரேக்கை அமுக்கிப் பார்த்து, 'கால் வீட்டில்தான் இருக்கிறது' என்று உறுதி செய்துகொண்டு, அப்புறம்தான் வண்டியை ஊரவிட வேண்டும்.

இடது கால்? அதற்கென்று இடது ஓரத்தில் ஒரு மேடை மாதிரி இருக்கும். அங்கே வைத்துவிட்டு மறந்துவிடுங்கள். முன்பே கிளட்ச் வண்டி ஓட்டியவர்களுக்குத்தான் இதில் ஆபத்து அதிகம். பழக்க தோஷத்தில் இடது கால் கிளட்ச்சைத் தேடிப் போய் அகலமான பிரேக்கை ஓங்கி மிதிக்கும். வண்டி ஆணி அடித்த மாதிரி நிற்க, பின்னால் வருகிறவர் வந்து முட்டுவார். முதல் ஒரு வாரம் இடது காலைச் சீட்டோடு ஒட்டி மடக்கி வைத்துக்கொண்டாலும் தப்பில்லை.

வண்டி தானாகப் பாயுமா?

"பிரேக்கைத்தான் மிதிச்சேன்" என்று சொன்னது என் கணவர் மட்டும் இல்லை. 1986-ல் அமெரிக்காவில் ஒரு டி.வி. நிகழ்ச்சியில் பலர் இதையே சொன்னார்கள். ஆடி 5000 என்ற ஆட்டோமேட்டிக் கார், பார்க்கிங்கிலிருந்து கியர் மாற்றியதும் தானாகப் பாய்கிறது என்று புகார். விற்பனை படுத்துவிட்டது. அரசாங்கத்தின் சாலைப் பாதுகாப்புத் துறை ஆராய்ந்து 1989-ல் அறிக்கை கொடுத்தது. பாய்ந்ததற்குக் காரணம், ஓட்டியவர்கள் பிரேக் என்று நினைத்து ஆக்ஸிலரேட்டரை மிதித்ததுதான்! இன்ஜின் திடீரென்று லேசாக வேகம் எடுத்து ஓட்டுபவரைத் திடுக்கிட வைத்ததும், பெடல்கள் அமைந்திருந்த விதமும் அந்தத் தவறுக்கு வழி செய்திருக்கலாம் என்றும் சொன்னார்கள்.

பிரேக்கை அமுக்காமல் 'பி'யிலிருந்து லீவரை எடுக்க முடியாது என்று இன்றைய கார்களில் ஒரு பூட்டு இருக்கிறதே, அது பரவலானது அந்தச் சம்பவங்களுக்குப் பிறகுதான். கியர் மாற்றும்போது உங்கள் கால் பிரேக்கில்தான் இருக்கிறது என்பதற்கு அது ஒரு சாட்சி.

2019 ஏப்ரலில் ஜப்பானில் டோக்கியோ நகரத்து இகெபுகுரோ பகுதியில் 87 வயதுப் பெரியவர் ஓட்டிய கார் பாய்ந்து, ஓர் இளம் தாயும் அவருடைய மூன்று வயதுக் குழந்தையும் இறந்தார்கள். தான் தவறு செய்யவில்லை, வண்டியில்தான் கோளாறு என்று அவர் வாதாடினார். 2021-ல் கோர்ட், பிரேக்குக்குப் பதில் ஆக்ஸிலரேட்டரை மிதித்ததே காரணம் என்று தீர்ப்புச் சொன்னது.

இவர்கள் யாரும் வேண்டுமென்று பொய் சொல்லவில்லை. 'பிரேக்' என்று மூளை கட்டளை போட்டுவிட்டது. கால் தப்பான இடத்தில் அதை நிறைவேற்றிவிட்டது. வண்டி வேகம் எடுத்ததும், 'பிரேக் பிடிக்கவில்லையே' என்று இன்னும் ஓங்கி மிதிக்கிறோம். அதுதான் கொடுமை.

ஆகவே, இந்த ஒரு வரியை எழுதிக் கண்ணில் படுகிற இடத்தில் ஒட்டுங்கள்: வண்டி நான் சொன்னதற்கு நேர்மாறாகச் செய்தால், முதலில் காலை எடு! காலைத் தூக்கிவிட்டு, மறுபடி இடது பக்கமாகக் கொண்டுபோய் பிரேக்கை மிதியுங்கள். அப்போதும் அடங்கவில்லை என்றால் லீவரை 'என்'-னில் தள்ளி, பிரேக்கைக் கெட்டியாக அமுக்குங்கள். இன்ஜின் கத்தும். கத்தட்டும். சக்கரத்துக்குச் சக்தி போகாது. இதையும் மாஸ்டர் பக்கத்தில் இருக்கும்போதே, மைதானத்தில் மெதுவாகப் போகையில் பழகிவிடுங்கள்.

உங்கள் காலைக் கேட்டீர்களா?

கண் தெரிகிறதா என்று பார்க்கிறோம். கால் 'தெரிகிறதா' என்று யாராவது பார்க்கிறோமா? பல வருஷமாகச் சர்க்கரை இருப்பவர்களுக்குப் பாதத்து நரம்புகள் மெல்ல மெல்ல மரத்துப்போகலாம். வலி இருக்காது என்பதுதான் இதில் சங்கடமே. செருப்பு கழன்றதுகூடத் தெரியாமல் நடப்பவர்கள் இருக்கிறார்கள்.

வீட்டிலேயே செய்துபார்க்க ஒரு எளிய சோதனை இருக்கிறது. இங்கிலாந்தில் இப்ஸ்விச் நகரத்து ஆஸ்பத்திரியில் உருவானது. சோதனை செய்துகொள்பவர் சாக்ஸைக் கழற்றிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்ளட்டும். நீங்கள் ஆள்காட்டி விரல் நுனியால் அவருடைய கட்டைவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனிகளை இரண்டு காலிலும் வரிசை மாற்றி மாற்றித் தொடுங்கள். மொத்தம் ஆறு விரல். இறகு பட்ட மாதிரி, ஒன்றிரண்டு விநாடி மட்டும். அழுத்தக் கூடாது, தட்டக் கூடாது, ஒரு விரலை இரண்டாம் முறை தொடக் கூடாது. தொட்டதும் 'வலது', 'இடது' என்று அவர் சொல்ல வேண்டும். இரண்டோ அதற்கு மேலோ தெரியவில்லை என்றால், கார் சாவியை ஆணியில் மாட்டிவிட்டு டாக்டரிடம் போங்கள். ஆறும் தெரிந்தாலும் வருஷத்துக்கு ஒருமுறை டாக்டரிடம் பாதத்தைக் காட்டத்தான் வேண்டும். இது வீட்டுச் சோதனை மட்டும்தான்.

இன்னும் சில:

* இன்சுலின் போடுபவர்களும், சர்க்கரையைத் திடீரென்று தாழ்த்தக்கூடிய மாத்திரை சாப்பிடுபவர்களும் வண்டி எடுக்கும் முன் சர்க்கரை பாருங்கள். 70-க்குக் கீழ் என்றால் ஓட்டவே கூடாது. பிரிட்டனில் 90-க்கு மேல் இருந்தால்தான் எடுக்கச் சொல்கிறார்கள். தாழ்ந்துவிட்டால் இனிப்புச் சாப்பிட்டு, சரியான பிறகும் முக்கால் மணி நேரம் பொறுங்கள். வண்டியில் எப்போதும் குளுக்கோஸ் இருக்கட்டும்.

* சளி, இருமல், அரிப்புக்குச் சாப்பிடும் மாத்திரையும் சிரப்பும் பலருக்குத் தூக்கத்தைக் கொடுக்கும். அன்றைக்கு ஸ்டியரிங் வேண்டாம்.

* எதிர் வண்டி வெளிச்சம் பூப்பூவாகச் சிதறித் தெரிந்தால் கண்புரையாக இருக்கலாம். டாக்டர் பார்க்கும் வரை இரவில் ஓட்டாதீர்கள்.

* முழங்கால் மாற்று ஆபரேஷனா? இடது கால் என்றால் ஆட்டோமேட்டிக் ஓட்டச் சீக்கிரமே அனுமதி கிடைக்கலாம். வலது கால் என்றால் பெரும்பாலும் ஆறு வாரம் போலக் காத்திருக்க வேண்டும். இரண்டுக்குமே உங்கள் சர்ஜன் 'சரி' சொன்ன பிறகுதான்.

* நீண்ட பயணத்தில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இறங்கி நடங்கள். இடது கால் சும்மாவே கிடப்பதால் ஆட்டோமேட்டிக்கில் இது கூடுதல் அவசியம்.

* ஹவாய் செருப்பு, ஹை ஹீல்ஸ் வேண்டாம். பின்பக்கம் பட்டை உள்ள, அடி மெல்லிய செருப்போ ஷூவோ நல்லது. புடவைக் கொசுவத்தைச் சற்று உயர்த்திச் செருகிக்கொள்ளுங்கள். தண்ணீர் பாட்டிலை டிரைவர் பக்கம் கீழே போடவே போடாதீர்கள். அது உருண்டு பிரேக்குக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டால் பிரேக்கை அமுக்கவே முடியாது. கால்மிதி நகராமல் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

சிக்னலும் மலையும்

சிக்னலில் சிறிது நேரம் என்றால் 'டி'யிலேயே பிரேக்கை அமுக்கியபடி நில்லுங்கள். அதிக நேரம் என்றால் ஹேண்ட் பிரேக் போட்டு 'என்'-னுக்கு மாற்றிக் காலுக்கு ஓய்வு கொடுக்கலாம். ஆனால், 'டி'யில் இருக்கும்போது பின் சீட்டுப் பையை எடுக்கத் திரும்பாதீர்கள். கால் நழுவினால் வண்டி ஊர்ந்துவிடும், மறந்துவிட்டீர்களா? மேட்டில் நிற்கும்போது ஆக்ஸிலரேட்டரை அமுக்கி வண்டியைத் தாங்கக் கூடாது. ஏ.எம்.டி.யில் கிளட்ச் சூடாகி வீணாகும். பிரேக்கோ ஹேண்ட் பிரேக்கோதான் தாங்க வேண்டும்.

கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஏறுவது சுலபம். இறங்கும்போது 'டி'யிலேயே விட்டுப் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் பிரேக் சூடேறிப் பிடிப்பு குறையும். லீவரில் 'எல்' என்றோ '2' என்றோ, கையால் கியர் மாற்றும் வசதி என்றோ ஏதாவது இருக்கும். அதில் குறைந்த கியர் போட்டால் இன்ஜினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். பெட்ரோல் மிச்சம் என்று 'என்'-னில் இறங்குவது தற்கொலைக்குச் சமம்.

இன்னொன்று... பேட்டரி தீர்ந்தால் "தள்ளுங்கப்பா, தள்ளுங்க" என்று நாலு பேரைக் கூப்பிட்டுக் கிளப்பும் வித்தை இங்கே பலிக்காது. ஜம்பர் கேபிளோ மெக்கானிக் போன் நம்பரோ கைவசம் வைத்துக்கொள்ளுங்கள்.

லைசென்ஸ் எடுக்கும்போது...

எல்.எல்.ஆர். கிடைத்து 30 நாள் கழித்து டெஸ்ட்டுக்குப் போகலாம். எல்.எல்.ஆர். ஆறு மாதம் செல்லும். 40 வயதைத் தாண்டியவர்களுக்கு 'ஃபாரம் 1-ஏ' என்கிற டாக்டர் சர்ட்டிஃபிகேட் தேவை. இதைத் தயவுசெய்து தெரிந்த டாக்டரிடம் கையெழுத்துக்காக மட்டும் நீட்டாதீர்கள். "டாக்டர், நிஜமாவே பாருங்க" என்று கேளுங்கள். கண், காது, பாதம், சாப்பிடும் மாத்திரைகள் எல்லாவற்றையும். 55 வயதுக்கு மேல் ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை லைசென்ஸைப் புதுப்பிக்க வேண்டும். அதைத் தொல்லை என்று நினைக்காமல், அந்தச் சாக்கில் உடம்பைச் சோதித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் வீட்டுப் பெரியவரிடம் "இனிமே ஓட்டாதீங்க" என்று சொல்ல வேண்டிய நிலை வந்தால்? பக்குவமாகச் சொல்லுங்கள். சாவியைப் பிடுங்குவது போல இருக்கக் கூடாது. டாக்டர் வாயால் சொல்ல வைப்பது ஒரு வழி. சாவியை வாங்கிக்கொள்ள இன்னொரு கை தயாராக இருப்பது அதைவிட நல்ல வழி. என் கணவருக்கு வலித்தது வண்டி ஓட்ட முடியாமல் போனது இல்லை. கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் இனி யாரையாவது கெஞ்ச வேண்டுமே என்பதுதான்.

லைசென்ஸ் வந்த பிறகு நான் முதலில் ஓட்டிப் போனது அந்தச் சர்க்கரை டாக்டரிடம்தான். இடது சீட்டில் இவர். ஒவ்வொரு சந்திலும் இல்லாத பிரேக்கைத் தன் பக்கம் மிதித்துக்கொண்டே வந்தார்! "ஹாரன் அடி", "அந்த ஆட்டோவை நம்பாதே" என்று ஓயாத கமென்ட்ரி வேறு.

திரும்பி வந்து பார்க்கிங்கில் நுழைந்தேன். தூணில் அந்தக் காயம் இன்னும் இருக்கிறது. ஊரவிட்டு, ஊரவிட்டு வந்துகொண்டிருந்தபோது, தூணுக்குப் பின்னாலிருந்து ஒரு சின்ன சைக்கிள் வளைந்து வந்தது. நிறுத்தினேன். அந்தப் பெண் எங்களைப் பார்த்துக் கையாட்டிவிட்டு நிதானமாகக் கடந்து போனாள். அவள் படிக்கட்டுப் பக்கம் போய்ச் சேருகிற வரை நான் காலை எடுக்கவில்லை. இவர் ஒன்றும் பேசவில்லை. நிறுத்தி, ஹேண்ட் பிரேக், 'பி', இன்ஜின் ஆஃப். அப்புறம் மெதுவாக, "நல்லா ஓட்டறே" என்றார்.

என்ன, நீங்களும் கிளம்பிவிட்டீர்களா? கிளம்புங்கள். வயது ஒரு தடையே இல்லை. ஆனால், நாளைக் காலை முதல் பாடம் இன்ஜின் போடாமல்தான். உங்கள் வலது கால் எங்கே இருக்கிறது என்று பார்க்காமலே சொல்லத் தெரிய வேண்டும். அது தெரிந்த பிறகு சாவியைத் திருப்புங்கள்!